சோல் இசைக்கு எத்தனை கருமாதி?

சோல் இசை எங்கே பிறந்தது என்று கேட்டால் பண்டிதர்கள் கட்சி பிரிந்து அடித்துக்கொள்வார்கள். எனக்குப் பிடித்த கதை 1954-ல் நடக்கிறது. ரே சார்லஸ் என்ற பியானோக்காரர் சர்ச்சில் பாடும் மெட்டு ஒன்றை எடுத்தார். அதிலிருந்து கர்த்தரை மரியாதையாக இறக்கிவிட்டு, அந்த இடத்தில் காதலியை உட்கார வைத்தார். பக்தர்கள் கொதித்தார்கள், இசைத்தட்டு விற்றது.

எழுபதுகளில் டிஸ்கோ வந்தது. எண்பதுகளில் சிந்தசைசர் வந்தது. சோல் போய்ச் சேர்ந்துவிட்டது என்று கம்பெனிகள் கருமாதிப் பத்திரிகை அடித்துவிட்டன. ஆனாலும் சில வருஷத்துக்கு ஒருமுறை பிணம் எழுந்து உட்காரும். பக்கத்தில் ஒரு சின்னப் பெண் நிற்பாள், பெரும்பாலும் இங்கிலாந்துக்காரி. இவள்தான் எழுப்பினாள் என்று பத்திரிகைகள் எழுதும்.

இந்த எழுப்பும் கலையில் கொஞ்சம் பித்தலாட்டமும் உண்டு. 1968-ல் டஸ்டி ஸ்பிரிங்ஃபீல்ட் என்ற பாடகி லண்டனிலிருந்து மெம்ஃபிஸுக்குப் போய், 1969-ல் 'டஸ்டி இன் மெம்ஃபிஸ்' என்று ஓர் ஆல்பம் போட்டார். வாத்தியம் மெம்ஃபிஸில்தான். ஆனால் பெரிய பெரிய ஆட்கள் பாடிய இடம் என்ற பயத்தில் அம்மாளுக்கு அங்கே தொண்டை எழும்பவில்லை. குரலை நியூயார்க்கில் போய்ப் பதிவு செய்தார்கள். தலைப்பை மட்டும் யாரும் திருத்தவில்லை. அப்போது சரியாக விற்காத அந்த ஆல்பத்துக்கு இன்றைக்கு விமர்சகர்கள் சூடம் ஏற்றுகிறார்கள்.

தொண்ணூறுகளில் நியூயார்க்கில் கேப்ரியல் ராத், ஃபிலிப் லேமன் என்று இரண்டு பேர் கிளம்பினார்கள். புதிதாக ரெக்கார்டு போடுவார்கள், பழசு மாதிரியே. தேதி மட்டும் அச்சிட மாட்டார்கள். சேகரிப்பாளர்கள் சிலர் எழுபதுகளின் அரிய சரக்கு என்று நம்பியே வாங்கினார்கள். எடுக்கவே எடுக்காத ஒரு குங்ஃபூ படத்துக்குப் பின்னணி இசை ஆல்பம்கூட வெளியிட்டார்கள். படம் இல்லை, ஹீரோ இல்லை, பாட்டு மட்டும் ரெடி.

1996-ல் லீ ஃபீல்ட்ஸ் என்ற பாடகருக்குப் பின்பாட்டுப் பாட மூன்று பெண்களை வரச் சொன்னார்கள். வந்தது ஒருத்தர். ஷாரன் ஜோன்ஸ், வயது நாற்பது. மற்ற இரண்டு பேரின் பங்கையும் தானே பாடிக் கொடுத்துவிட்டார்.

இந்த அம்மாளுடைய பயோடேட்டா விசேஷமானது. சின்ன வயதில் சர்ச்சில் பாட்டு, பிறகு கல்யாணக் கச்சேரிகள். வயிற்றுப்பாட்டுக்கு ரைக்கர்ஸ் தீவுச் சிறையில் காவலர் வேலை, அதன் பிறகு பணம் ஏற்றிப் போகும் வேனுக்குத் துப்பாக்கிக் காவல். ஒருமுறை ஒரு பெரிய ரெக்கார்டு கம்பெனி அதிகாரி அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு நான்கு குறை சொன்னாராம்: ரொம்பக் கறுப்பு, ரொம்ப குண்டு, ரொம்பக் குட்டை, ரொம்ப வயசு. நம்மூர்ப் பெண் பார்க்கும் படலத்திலேகூட இதில் இரண்டையாவது காப்பி குடித்த பிறகுதான் சொல்வார்கள். பாட்டைப் பற்றி அதிகாரிக்குக் குறை ஒன்றும் இருந்ததாகத் தெரியவில்லை.

ராத் கூட்டாளி மாறி, டாப்டோன் என்று புதுக் கம்பெனி தொடங்கினார். ஷாரனின் முதல் ஆல்பம் 2002-ல் வந்தபோது அவர் 45-ஐத் தாண்டியிருந்தார். பிறகு புரூக்ளினின் புஷ்விக் பகுதியில் ஒரு பழைய வீட்டைப் பிடித்து ஸ்டுடியோ ஆக்கினார்கள். கம்ப்யூட்டர் கிடையாது, டேப்தான். கொத்தனாரும் இவர்கள்தான், டிரம்மரும் இவர்கள்தான். நட்சத்திரப் பாடகியும் பிளக் பாயிண்டுக்கு வயர் இழுத்தார்.

இதற்கிடையில் 2003-ல் ஜாஸ் ஸ்டோன் என்ற பதினாறு வயது இங்கிலாந்துப் பெண் மயாமிக்குப் பறந்தார். பெட்டி ரைட் போன்ற எழுபதுகளின் பழந்தலைகள் அவரைச் சுற்றி உட்கார்ந்து ஓர் ஆல்பம் முடித்துக் கொடுத்தார்கள். சோல் மறுபடி பிறந்துவிட்டது என்று லண்டனில் ஒரே கொண்டாட்டம். பெட்டி ரைட் எங்கும் போகாமல் மயாமியிலேயேதான் இருந்தார் என்பது கணக்கில் வரவில்லை.

அடுத்து ஏமி வைன்ஹவுஸ். கண் மையும் கொண்டையுமாக வந்த லண்டன் பெண். குரலைக் குறை சொல்கிறவன் வாயில் புழு விழும். அந்தக் குரல் நிஜம். ஆனால் 2006-ல் வந்த 'பேக் டு பிளாக்' ஆல்பத்தில் தயாரிப்பாளர் மார்க் ரான்சனுக்குப் பழைய சத்தம் வேண்டியிருந்தது. பழைய சத்தம் புதுசாக எங்கே கிடைக்கும்? நேரே புரூக்ளின் போய், ஷாரனின் டாப்-கிங்ஸ் வாத்தியக் கோஷ்டியையே வாடகைக்குப் பிடித்தார். வேடிக்கை என்னவென்றால் அவர்கள் வாசித்தபோது ஏமி அங்கே இல்லை. ஆல்பம் முடிந்த பிறகுதான் அறிமுகமே. டஸ்டி அம்மாளின் ஆவி எங்கேயோ தலையாட்டியிருக்கும்.

2008 கிராமி விழாவில் ஏமிக்கு ஐந்து விருது. அமெரிக்க விசா முதலில் கிடைக்காமல், கிடைத்தபோது நேரம் போயிருந்ததால், லண்டனிலிருந்தே செயற்கைக்கோள் வழியாகப் பாடினார். ஆக, பாடகி ஒரு கண்டத்தில், விருது இன்னொரு கண்டத்தில். கதவு திறந்துவிட்டது என்று அதே வருஷம் டஃபி, அடெல் என்ற இரண்டு பாடகிகள் முதல் ஆல்பத்தோடு உள்ளே வந்தார்கள். அடெல் இன்னும் வெளியே போகவில்லை.

ஷாரன்? வருஷத்துக்கு வருஷம் ஊர் ஊராகப் போய், மேடையில் செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு ஆடினார். 2013-ல் புற்றுநோய் என்றார்கள். கீமோதெரபி முடித்து மொட்டைத் தலையோடே மேடை ஏறினார். வாழ்நாளில் ஒரே ஒரு கிராமி பரிந்துரை வந்தது. விருது வேறு வீட்டுக்குப் போனது.

2016 நவம்பரில், அதிபர் தேர்தல் முடிவுகளை டிவியில் பார்த்துக்கொண்டிருந்தபோது அவருக்குப் பக்கவாதம் வந்தது. பார்க்க வந்தவர்களிடம், இது டிரம்ப் கொடுத்தது என்று பழியை நேராக இறக்கி வைத்தார். அதே மாதம் 18-ஆம் தேதி போய்விட்டார். மறு வருஷம் அவருடைய அடுத்த ஆல்பம் கடைக்கு வந்தது. அதிகாரி சொன்ன நான்கு குறையோடு, பாடகி உயிரோடு இல்லை என்ற ஐந்தாவது குறையும் இப்போது சேர்ந்திருந்தது. அதற்கும் ஆட்கள் காசு கொடுத்து வாங்கினார்கள்.