மோடம் அண்ணன்

தொலைபேசிக் கம்பி வழியே கம்ப்யூட்டரை இணையத்தோடு சேர்க்கும் மோடத்தைப் பொருத்தித் தரும் மோடம் அண்ணன், ஒரு காலத்தில் தெருவுக்கு ஒருவர் இருந்தார். இந்தியாவில் பொதுமக்களுக்கான இணையச் சேவை 1995 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது. 1998-இல் அதை வழங்கத் தனியாருக்கும் அனுமதி கிடைத்தது. அதன் பிறகே இந்த இனம் தமிழ்நாட்டு நகரங்களில் பல்கிப் பெருகியது. படிப்பு எதுவாகவும் இருக்கலாம். யாரோ ஒருவர் வீட்டில் ஒருமுறை மோடம் வேலை செய்த நேரத்தில் பக்கத்தில் இருந்திருக்க வேண்டும், தகுதி அவ்வளவுதான்.

கையில் ஸ்குரூ டிரைவர், சட்டைப்பையில் பிளாப்பி. வந்ததும் கம்ப்யூட்டரின் பக்கத்து மூடியைக் கழற்றுவார். அந்த மூடி அதன் பிறகு அந்த வீட்டில் மாட்டப்பட்டதில்லை. மோடம் கார்டைச் செருகிவிட்டு, "டிரைவர் இல்லாம ஓடாதும்மா" என்பார். "கார் எப்படா வாங்கினீங்க?" என்று உள்ளிருந்து பாட்டி கேட்பார்.

பழைய கம்ப்யூட்டர் என்றால் அவருக்குக் கொண்டாட்டம். அதில் மவுஸ் காம் 1 என்ற போர்ட்டில் இருக்கும். மோடத்தை காம் 3-இல் வைப்பார். பிராசசரைக் கூப்பிடும் தடமான ஐ.ஆர்.க்யூ. 4 தான் இரண்டுக்கும் பொது. ஒரே குழாயடியில் இரண்டு குடம் வைத்த கதை. மவுஸ் அசைந்தால் லைன் அறுந்துவிடும். "யாரும் மவுஸைத் தொடாதீங்க" என்று வீட்டுக்கு உத்தரவு போடுவார். அரைமணி நேரம் கழித்து, தாமே கண்டுபிடித்தது போல ஜம்பரைப் பிடுங்கி மோடத்தை காம் 2-க்கு மாற்றுவார். அதற்கு ஐ.ஆர்.க்யூ. 3.

அடுத்தது சோதனை. ஹைப்பர் டெர்மினல் என்ற மென்பொருளைத் திறந்து 'ஏடி' என்று தட்டினால், மோடம் 'ஓகே' என்று பதில் தர வேண்டும். அந்த இரண்டு எழுத்தைப் பார்த்ததும் அவர் முகத்தில் வருவது, பொண்ணு வீட்டார் சம்மதம் சொன்ன களை. டயல் டோனை மோடம் அடையாளம் காண மறுத்தால் 'ஏடிஎக்ஸ்3' கொடுத்து, டோனுக்குக் காத்திராமல் டயல் செய்ய வைப்பார். டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் பழசானால், டோனில் டயல் செய்யும் 'ஏடிடிடி'க்குப் பதில் 'ஏடிடிபி'. எண்கள் டக் டக்கென்று பல்ஸில் போகும்.

இணையச் சேவைக்கான, 172-இல் தொடங்கும் எண் சுழன்றதும் அறையில் பேச்சு கூடாது. கீச்சென்ற ஒலி, பிறகு இரைச்சல், பிறகு இரண்டு 'டொய்ங்'. இரண்டு மோடம்களும் எந்த வேகத்தில் பேசுவது என்று பேரம் பேசும் சத்தம் அது. அடுக்களைச் சத்தத்தை வைத்தே பால் பொங்கப் போகிறதென்று சொல்லும் மாமியாரைப் போல, இவர் பாதியிலேயே, "கட்டாயிடும் பாருங்க" என்பார். கட்டாகும்.

பிழை எண்கள் அவருக்கு மனப்பாடம். 680 என்றால் டயல் டோன் இல்லை. 678 என்றால் அந்தப் பக்கம் எடுக்கவில்லை. 691 என்றால் பாஸ்வேர்ட் தப்பு. எந்த எண்ணிலும் சேராத பிழை ஒன்று உண்டு. கூடத்து போனில் யாராவது ரிசீவரை எடுத்து, "என்னடா, ஒரே இரைச்சலா இருக்கு!" என்பதுதான் அது.

கடைசியில் இணைப்பு கிடைத்துவிடும். திரையின் மூலையில் 44,000 பி.பி.எஸ். என்று தெரியும். வீட்டுப் பையன் கிரிக்கெட் ஸ்கோர் பார்க்கப் பாய்வான். அண்ணன் அவன் கையைத் தட்டிவிடுவார். "56 கே மோடம்டா இது. 44 எப்படி வரும்?" என்று இணைப்பைத் துண்டித்து மறுபடி டயல் செய்வார். 56 என்பது ஏட்டுக் கணக்கு. தொலைபேசிக் கம்பியில் அந்த வேகம் வராது என்பது அவருக்கும் தெரியும். ஆனால் இன்டர்நெட்டில் என்ன இருக்கிறது என்பதில் அவருக்கு ஆர்வமில்லை. இணைவதில்தான் ஆர்வம். அந்த மாத டெலிபோன் பில்லில் பாதி, இணைந்து இணைந்து துண்டித்ததற்கே போகும்.

மோடத்தின் முதுகில் இரண்டு துளைகள் உண்டு: ஒன்று 'லைன்', மற்றது 'போன்'. சுவரிலிருந்து வரும் வயரை 'போன்' துளையில் செருகினால் பல மோடம்களுக்கு டயல் டோன் கிடைக்காது. மூன்று மணி நேரப் போராட்டத்துக்குப் பிறகு அதைக் கவனிப்பவர் பெரும்பாலும், காபி தம்ளரை எடுக்க வந்த வீட்டம்மாதான்.