ஒன்றரை மடங்கு நெருப்பு

அறுபதும் முப்பதும் தொண்ணூறு என்பதில் போடிநாயக்கனூரில் யாருக்கும் சந்தேகம் கிடையாது. ஆனால் ஏலக்காய் வியாபாரம் பார்க்கும் மாமா ஒருவருக்கு, ஒரு சனிக்கிழமை ராத்திரி, சொந்த வீட்டுக்குள்ளேயே அந்தக் கணக்கு மறுக்கப்பட்டது. மறுத்தவர் பெங்களூரிலிருந்து லீவில் வந்திருந்த மருமகன். சாட்சிக்கு ஓர் அமெரிக்கப் புத்தகம்.

புத்தகம், ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ ஆட்டத்தின் விதிநூல். 1974இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் கொண்டுவந்த ஆட்டம் இது. மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆளுக்கொரு வேடம் எடுத்துக்கொள்வார்கள். கதையை நடத்துகிறவர் டி.எம். அடி பட்டதா, எத்தனை பட்டது என்பதைப் பகடை சொல்லும். போடி வீட்டில் மருமகன் டி.எம்., மாமா மந்திரவாதி, அத்தை வைத்தியம் பார்க்கும் பூசாரி. ஆடியது 2000இல் வந்த மூன்றாம் பதிப்பு. பழசுதான். ஆனால் மந்திரத்துக்கு முறுக்கேற்றும் விதிகளில் அதை மிஞ்சிய வக்கீல் தீனி இன்னும் அச்சாகவில்லை.

அந்தப் பதிப்பில் தீக்கோளம் மூன்றாம் படி மந்திரம். நல்ல தேர்ச்சி பெற்றவர் வீசினால் பத்துப் பகடை உருளும், அதிகபட்சம் 60. இதற்கு ‘எம்பவர்’ என்ற முறுக்கைப் போட்டால் விழுந்த எண் ஒன்றரை மடங்காகும், மந்திரம் இரண்டு படி விலையேறும். ‘மேக்ஸிமைஸ்’ போட்டால் பகடையே உருட்ட வேண்டாம், முழு 60ஐயும் எடுத்துக்கொள்ளலாம். அதற்கு மூன்று படி. இரண்டையும் சேர்த்தால் எட்டாம் படி. பதினைந்தாம் நிலை மந்திரவாதிக்குத்தான் கட்டுப்படியாகும். மாமா சரியாக அந்தப் பதினைந்தில் நின்றார்.

“அறுபது, அதுல பாதி முப்பது. தொண்ணூறு. எழுதிக்க மருமகனே.”

புத்தகம் அப்படிச் சொல்லவில்லை. இரண்டு முறுக்கும் தனித்தனியாகத்தான் வேலை செய்யும். உச்சம் 60 கைக்கு வரும். கூடவே பத்துப் பகடையை நிஜமாகவே உருட்டி, அதில் பாதியைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். சராசரியாக 35 விழும், பாதி பதினேழரை. இந்த ஆட்டத்தில் அரை என்று வந்தால் எப்போதும் கீழ்நோக்கித்தான் தள்ளுவார்கள். அரையைத் தள்ளுவதில் மட்டும் மாமாவுக்கு ஆட்சேபம் இல்லை. எடை போடுகிற தொழிலில் அது பழகிப்போன சங்கதி.

பகடைச் சண்டை நம் பக்கத்துக்குப் புதிதல்ல. தாயக்கட்டத்தில் காய் வெட்டினால் இன்னொரு ஆட்டம் உண்டா, வெட்டாமல் பழம் ஏற்றலாமா என்பதெல்லாம் தெருவுக்குத் தெரு மாறும். அங்கே யாருக்குக் குரல் பெரிதோ அவர் வாயில் வருவது சட்டம், பத்து நிமிஷத்தில் பஞ்சாயத்து முடிந்துவிடும். இங்கே எல்லாம் எழுத்தில் இருக்கிறது. அதனால்தான் விடிய விடிய இழுக்கிறது.

முந்தின வாரமே ஒரு ஒத்திகை நடந்திருந்தது. ‘மேஜிக் மிசைல்’ என்ற மாய அம்புக்கு அடி, நாலு முகப் பகடை ஒன்று, கூட ஒரு 1. ஒன்றரை மடங்கு என்றால் பகடைக்கு மட்டுமா, அந்த ஒட்டுக்காய் ஒன்றுக்கும் சேர்த்தா? பல ஊர்களில் பல மேசைகள் இதற்காக முகம் திருப்பிக்கொண்டிருக்கின்றன. 2009இல் இந்த ஆட்டத்தின் வழியில் வந்த ‘பாத்ஃபைண்டர்’, கூட்டல் எண்ணையும் சேர்த்தே பெருக்கு என்று பிற்பாடு எழுதியே வைத்தது. மாமா அந்த வரியை மட்டும் போனில் படம் பிடித்து வைத்திருக்கிறார். மற்ற பக்கங்கள் வேண்டாமாம்.

“புதுசுல இதெல்லாம் கிடையாதுப்பா” என்று மாமா மகள் நடுவில் ஒரு கொள்ளியைப் போட்டாள். அவள் சொன்னது உண்மை. 2014இல் வந்த ஐந்தாம் பதிப்பில் அதே ‘எம்பவர்’ பெயருக்கு வேறு சரக்கு: ஒரு புள்ளி செலவழித்து, சரியாக விழாத சேதப் பகடைகள் சிலவற்றை மறுபடி உருட்டலாம், அவ்வளவே. ஒரே மந்திரத்தை இரண்டு பேர் மேல் போடும் ‘ட்வின்’ முறுக்கைக் கொண்டு இரண்டு கூட்டாளிகளுக்கு ஒரே நேரத்தில் ‘ஹேஸ்ட்’ வேகம் ஏற்றுவது பத்து வருஷமாக எல்லோருக்கும் பிடித்த தந்திரம். 2024 பதிப்பு விதியைத் திருத்தி அதற்கும் பூட்டுப் போட்டுவிட்டது. மாமா இதைக் கேட்டு ஏலம் முடிந்தபின் தரம் மாற்றியவனைப் பார்ப்பதுபோல் மகளைப் பார்த்தார்.

இத்தனைக்கும் தொழிலில் அவர் கறார். சல்லடையில் எட்டு எம்.எம். நிற்காத காயை எட்டு என்று எவனாவது சொன்னால் சாம்பிளைத் தொடவே மாட்டார். வெடித்த காய் நாலு கலந்திருந்தாலும் போடிமெட்டின் பதினேழு கொண்டை ஊசி வளைவிலும் அதையே பேசிக்கொண்டு வருவார்.

பிடித்துப் போட்டது அத்தைதான். “2019 ஆகஸ்ட்ல புத்தடி ஏலத்துல கிலோ ஏழாயிரம் போச்சே. அந்த ஏழாயிரத்துக்கு மேல இன்னும் பாதி போட்டுக் கொடுன்னு ஒருத்தன் இன்னைக்கு வந்து நின்னா கொடுப்பீங்களா? இன்னைக்கு ஏலத்துல என்ன விழுதோ அதுல பாதிதானே பேச்சு?”

விளக்கம் அப்பழுக்கற்றது. நோக்கத்தைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது. தீக்கோளம் இருபதடி ஆரத்துக்குள் நண்பர், பகைவர் பார்க்காமல் எரிக்கும். குகைக்குள் பூதங்களோடு கைகலப்பில் நின்றது அத்தையின் பூசாரி. ஏற்கெனவே அடிவாங்கி உயிர்ப்புள்ளி 40இல் இருந்தாள். சுதாரித்து ஒதுங்கினால் பாதி அடி என்பது விதி. மாமா கணக்கில் பாதி 45, ஆள் மயங்கி விழுவாள். புத்தகக் கணக்கில் பகடைதான் சொல்ல வேண்டும்.

மருமகன் பத்துப் பகடையையும் சோற்றுத் தட்டில் உருட்டினார். கூட்டினால் 35. பாதி 17, ஆக 77. அத்தை இருபது முகப் பகடையை உருட்டினார், ஒதுங்கியாயிற்று. 77இல் பாதி 38. பூதங்கள் கரிந்தன. இரண்டே புள்ளியோடு பூசாரி நின்றாள்.

கடைசியாக விழுந்த பூதம் சாகும்முன் மந்திரவாதியை ஒரு போடு போட்டிருந்தது. “சரி, உன் முறைதான். எனக்குக் கொஞ்சம் வைத்தியம் பாரு” என்றார் மாமா.

“என்னங்க, உங்க கணக்குப்படி நான் மயங்கிக் கிடக்கேன்” என்றார் அத்தை. “மயங்கிக் கிடக்கிறவ எப்படி மந்திரம் சொல்லுவா?”