மனுவும் பாவையும்: குண்டனி நாட்டுக் குலைவெண் பற்றிய முதற்கட்ட ஆய்வு

எழுதியது ஆளா மிஷினா என்று கண்டுபிடிப்பதை உலகம் புதுச் சிக்கலாக நினைத்துத் திண்டாடுகிறது. கொல்லிமலைக்கு அது பழசு. ஆளைப் போலவே இருந்தும் ஆள் அல்லாத பாவை ஒன்று இந்த மலையில் உண்டென்று சங்கப் புலவர்களே பாடிவிட்டார்கள். காற்று மோதட்டும், இடி விழட்டும், நிலமே நடுங்கட்டும், கொல்லிப்பாவையின் வடிவம் குலையாது என்கிறது நற்றிணை. சிரித்து மயக்கி ஆளைக் கொல்லும் என்ற கதை நமக்கு வேண்டாம். வேண்டியது ‘குலையாது’ என்ற ஒரு சொல்தான். குலையாதது பாவை எழுத்து, குலைவது மனித எழுத்து. குலையும் அளவைக் குலைவெண் என்க. (வாழைக்குலை அன்று, அது மலையில் தார்.)

முன்னோர் ஆய்வு: ஓப்பன்ஏஐ நிறுவனம் 2023 ஜனவரியில் ஒரு கண்டறி கருவியை வெளியிட்டது. மிஷின் எழுதியதில் 26 விழுக்காட்டைத்தான் அது பிடித்தது. மனிதர் எழுதியதில் 9 விழுக்காட்டை மிஷின் என்றது. ஜூலையில் எடுத்துவிட்டார்கள். ரசிகமணி டி.கே.சி. கருவியே இல்லாமல், காதை மட்டும் நம்பி, கம்பராமாயணத்தில் ஆயிரக்கணக்கான பாடல்களை இடைச்செருகல் என்று தள்ளினார். அவரை யாரும் ஜூலையில் திரும்பப் பெறவில்லை.

இந்த அளவைக்குத் தடைகளும் உண்டு; மனிதர் எழுத்தும் சில இடங்களில் குலைவதில்லை. அறப்பளீசுர சதகத்தின் நூறு பாடலும் ஒரே விளியில் முடிகின்றன. கருவியிடம் கொடுத்தால் அம்பலவாணக் கவிராயர் பாடு திண்டாட்டம். ஆடிப் பதினெட்டுக்கு மறுநாள் பாதி வகுப்பின் விடுப்புக் கடிதத்தில் ஒரே காய்ச்சல், ஒரே வாக்கியத்தில் வரும். அத்தனையும் சொந்தக் கையெழுத்து.

இனிக் கள ஆய்வு. கொல்லிமலையின் குண்டனி நாட்டில் கிடைத்த சான்றுகள் இரண்டு. இரண்டும் ஒரே தெருவிளக்குக்கான மனு. ஒன்று அண்ணன் மகன் போனில் மிஷினிடம் கேட்டு வாங்கியது: பொதுமக்கள் நலன், பெண்கள் பாதுகாப்பு, மாணவர் எதிர்காலம் என்று மூன்று பத்தி, மூன்றும் ஒரே நீளம். எழுபது கொண்டை ஊசி வளைவு ஏறி வந்தாலும் அதற்குத் தலை சுற்றாது. குலைவெண் பூச்சியம்.

மற்றது சித்தப்பா கைப்பட எழுதியது. ‘மேற்கண்ட முகவரியில் வசித்து வருகிறேன்’ வரைக்கும் அதுவும் பாவைதான். மூன்றாம் வரியில் சறுக்கிப் பலாப்பழத்தில் விழுகிறது. எந்த மரம், எந்தக் கிளை, சந்தைக்குப் போயிருந்தால் என்ன விலை, இருட்டில் கேட்ட காலடி யாருடையதாக இருக்கலாம் என்று ஒன்றரைப் பக்கம். சந்தேகப்பட்ட பெயரை எழுதி, அடித்து, அடித்தது தெரியும்படி விட்டிருக்கிறார்.

“ஏன் சித்தப்பா, வெளக்கு கேக்குற மனுவுல பலாப்பழம் எதுக்கு?”

“வெளக்கு இருந்திருந்தா பழம் போயிருக்குமாடா?”

ஆக, ஆய்வாளன் குலைவு என்று குறித்துக்கொண்டது மனுவின் காரணப் பகுதி என்பது பெறப்படுகிறது. குலைவெண் திருத்தப்பட்டது. அடித்த பெயருக்கு மட்டும் முழு மதிப்பெண்.

இரண்டு மனுவும் ஒரே நாளில் ஒரே மேசையில் கொடுக்கப்பட்டன. ‘பெறப்பட்டது’ என்ற ஒரே சீல் இரண்டிலும் விழுந்தது. சீலை முதலில் மிஷின் பக்கம்தான் சேர்த்திருந்தேன். உற்றுப் பார்த்தால் சித்தப்பா மனுவில் தேதி தலைகீழாக விழுந்திருக்கிறது. சீல் அடித்தவர் மனிதர் என்பது இவ்வாய்வின் துணிபு.