படிக்காரம் காரமன்று: வாசகர் கேள்விகளும் விடைகளும்

கே: வெள்ளை வேட்டியில் சிந்திய சாம்பார், சோப்பு போட்டதும் குங்குமச் சிவப்பாக மாறிவிடுகிறது. போலி எது, சோப்பா சாம்பாரா?
(சிங்கப்பெருமாள்கோயில் வாசகர்)

ப: இரண்டும் அசல் என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடைப்பது அரிது. சாம்பாருக்கு மஞ்சள் நிறம் தரும் குர்குமின் என்னும் பொருள், புளியைப் போன்ற அமிலங்களோடும் வெறும் தண்ணீரோடும் இருக்கும்வரை மஞ்சளாகவே இருந்து, சோப்பைப் போன்ற காரப்பொருள், அதாவது அமிலத்தோடு சேர்ந்தால் அதன் வீரியத்தை அடக்கித் தானும் அடங்கிப்போகும் பொருள், பட்ட கணத்தில் மூலக்கூறில் நேரும் சிறு மாற்றத்தால் செம்பழுப்பாகிறது. வேட்டியை நன்றாக அலசினாலோ, கறைமேல் எலுமிச்சம்பழத்தைப் பிழிந்தாலோ சிவப்பு மறைந்து பழைய மஞ்சள் திரும்பிவிடும் என்பதால், போலி எது என்னும் சண்டை முடிவதற்குள் சான்று அழிந்துவிடும் ஆபத்தும் உண்டு. எஞ்சும் மஞ்சளை வெயில் மெல்ல வெளிறச் செய்யும்; செங்கல்பட்டு மாவட்டத்து வெயிலுக்குச் சொல்லத்தக்க நற்பயன்களுள் இது ஒன்று.

மணமக்களுக்குச் சுற்றும் ஆரத்தித் தட்டில் மஞ்சள் கரைத்த நீர் சிவப்பதும் இதே வேதியியல்தான். அங்கே சோப்பின் வேலையைச் சிட்டிகைச் சுண்ணாம்பு செய்கிறது. குழந்தைக்கு இதைக் கற்பிக்க விரும்புவோர், மஞ்சள்தூளைக் குழைத்து வெள்ளைத் தாளில் பூசி நிழலில் உலர்த்திக் கொடுத்து, சோப்பு நீரில் தோய்த்த தீக்குச்சியால் அதில் பெயர் எழுதச் சொன்னால் போதும். என்.சி.இ.ஆர்.டி.யின் ஏழாம் வகுப்புப் பாடநூல் இதே முறையில் அம்மாவுக்கு வாழ்த்து அட்டை செய்யச் சொல்லியிருந்தது. ஆயினும் மஞ்சளுக்கு ஒரு குறை உண்டு: காரத்தைக் காட்டிக்கொடுக்கும் அது, அமிலத்தையும் தண்ணீரையும் ஒரே முகத்தோடு பார்க்கும். அந்த வேறுபாட்டைக் காணச் செம்பருத்தியிடமோ சங்குப்பூவிடமோதான் போக வேண்டும்.

கே: பால் அமிலமா, காரமா?
(கூடுவாஞ்சேரி வாசகி)

ப: மிக மெல்லிய அமிலம், ஒரு கரண்டித் தயிரை உறை ஊற்றிவிட்டு விடியும்வரை காத்திருந்தால் அதுவே தன்னை உறுதியாக அறிவித்துக்கொள்ளும்.

கே: காரமான குழம்பு காரம் என்றால், வேதியியல் காரமும் நாக்கை எரிக்குமா? பிள்ளைகள் கேட்கிறார்கள், ஆசிரியருக்கே குழப்பமாக உள்ளது.
(மறைமலைநகர் பள்ளி ஆசிரியை)

ப: இக்கேள்விக்காக இப்பகுதி பல இதழ்களாகக் காத்திருந்தது என்பதைப் பழைய வாசகர்கள் அறிவர். மிளகாயின் எரிச்சலுக்குக் காரணம் கேப்சைசின் என்னும் பொருள். வேதியியல் காரத்துக்கும் அதற்கும் உறவு ஏதுமில்லை. ஒரே சொல் சமையலறையில் ஒன்றையும் ஆய்வுக்கூடத்தில் வேறொன்றையும் குறிப்பதால், எட்டாம் வகுப்பில் காரத்துக்கு எடுத்துக்காட்டு கேட்டால் ஆந்திர ஊறுகாய் என்று எழுதும் மாணவனைக் குற்றம் சொல்வதற்கில்லை.

ஆனால் வேதியியல் பொருள் புதிதாகப் புகுத்தப்பட்டதும் அன்று. சோப்புக்குத் தமிழில் வழங்கும் சவுக்காரம், அப்பளம் பொரிந்து விரிவதற்காக மாவில் சேர்க்கும் அப்பளக்காரம், பொற்கொல்லர் பற்றவைக்கப் பயன்படுத்தும் வெண்காரம் ஆகிய சொற்களில் அந்தப் பழைய பொருள் இன்றும் உயிரோடிருக்கிறது. இம்மூன்றின் கரைசலும் மஞ்சள் தாளைச் சிவக்க வைக்கும். இதுவரை எல்லாம் ஒழுங்காகச் செல்லும்போதுதான் படிக்காரம் குறுக்கே வருகிறது. கடை வாசலில் கண்ணேறு கழிக்கக் கட்டித் தொங்குவதும், முகம் மழித்தபின் நாவிதர் தடவுவதும், கலங்கிய நீரைத் தெளியவைப்பதுமாகிய அந்தக் கண்ணாடிக் கட்டி, பெயரில் காரத்தைச் சுமந்துகொண்டு குணத்தில் அமிலமாக நிற்கிறது. அதன் கரைசல் மஞ்சள் தாளை அசைப்பதில்லை; ஆப்பச்சோடாவில் ஊற்றினால் எலுமிச்சைச் சாற்றைப் போலவே நுரை கிளப்புகிறது. அப்பளக்காரத்தையும் படிக்காரத்தையும் தனித்தனிக் கிண்ணங்களில் கரைத்து, பெயர்களை நம்பாமல் தாளை நம்பும்படி பிள்ளைகளிடம் சொன்னால், வகுப்பில் அன்று வேறு பாடம் தேவைப்படாது.

அமிலம் என்னும் சொல்லுக்கும் ஒரு வழக்கு நிலுவையில் உள்ளது. அது வடமொழி ‘அம்ல’ என்பதன் வழிவந்தது. தனித்தமிழ் அன்பர்கள் அதற்குப் பதிலாகக் காடி என்பர், அதாவது புளித்த கஞ்சி. நாகப்பட்டினத்தில் 1876இல் பிறந்த வேதாசலம், 1916இல் தனித்தமிழ் இயக்கத்தைத் தொடங்கி, வேதத்தை மறையாக்கி, அசலத்தை மலையாக்கித் தம் பெயரையே மொழிபெயர்த்துக்கொண்டார். அப்பெயரையே மறைமலைநகரும் தாங்கி நிற்பதால், இங்காவது கார் பேட்டரியில் இருப்பதைக் கந்தகக் காடி என்று சொல்வது முறை. எனினும் நெடுஞ்சாலைப் பட்டறையில் வண்டியை நிறுத்திக் காடி கேட்பவருக்குப் பழைய சோறு விற்கும் இடத்துக்கு வழி காட்டப்படும் என்பதையும் ஆராய்ச்சி நேர்மையோடு பதிவு செய்ய வேண்டியுள்ளது.

கே: அமிலம் புளிக்கும், காரம் கசக்கும் என்று சொல்லிக்கொடுத்தால் போதாதா?
(செங்கல்பட்டு வாசகர்)

ப: பாகற்காய் கசக்கும், அது காரமன்று. சுவைத்துப் பார்த்து அறிவது என்னும் முறையை ஊக்குவித்தால், குழந்தை அடுத்துச் சுவைக்கப்போவது குளியலறை அலமாரியில் இருப்பதை.

கே: கிழக்குக் கடற்கரைச் சாலை விடுதி ஒன்றில் நீல நிறத் தேநீரைக் கொடுத்து, எலுமிச்சை பிழிந்து ஊதாவாக்கிக் காட்டி, பெருந்தொகை வாங்கினார்கள். இது என்ன மூலிகை?
(கேளம்பாக்கம் வாசகர்)

ப: வேலியில் படர்ந்து கிடக்கும் சங்குப்பூ. அதன் இதழ்களில் உள்ள அந்தோசயனின் என்னும் நிறமி, நடுநிலையில் நீலமாகவும், அமிலம் கூடக்கூட ஊதாவாகவும் இளஞ்சிவப்பாகவும், காரத்தில் பச்சையாகவும் மாறுவது. பத்துப் பூக்களைக் கொதிநீரில் போட்டுக் கால்மணி நேரம் மூடி வைத்தால் வீட்டிலேயே அந்த மாயம் நடக்கும். விடுதியில் கொடுத்த பணம் பூவுக்கன்று, கடலைப் பார்க்கும் நாற்காலிக்கு. நீலத்தைச் சிவப்பாக்கும் இவ்வித்தையைத் தாவரச் சாறுகளில் முறையாக ஆராய்ந்து 1664இல் நூலாக்கியவர் இராபர்ட் பாயில். அவர் கையாண்டது வயலட் பூவின் பாகு. அதே நூற்றாண்டில், எறும்புகளிடையே போட்ட நீலப் பூ சிவப்பதையும் ஐரோப்பியர் குறித்துவைத்தனர். மாமரத்தில் இலைகளை ஒட்டிக் கூடு கட்டும் முசுறு எறும்புகளைச் சீண்டினால் அவை பீய்ச்சுவது ஃபார்மிக் அமிலம். கூட்டின் அருகே நீண்ட குச்சியில் சங்குப்பூ இதழைச் செருகி நீட்டினால் நீலத்தில் இளஞ்சிவப்புப் புள்ளிகள் விழக் காணலாம். குச்சி நீளமாக இருப்பது இச்சோதனையின் இன்றியமையாத பகுதி.

தேநீரைப் பற்றிய கேள்விக்கு இப்பகுதி இவ்வளவு இடம் தந்தது இதுவே முதன்முறை. டிகிரி காபி அன்பர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

கே: காரத் தண்ணீர் குடித்தால் இரத்தம் காரமாகி நோய் அண்டாதாமே?
(பொத்தேரி வாசகர்)

ப: இரத்தத்தின் காரத்தன்மையை நுரையீரலும் சிறுநீரகமும் மிகக் குறுகிய எல்லைக்குள் காத்துவருகின்றன, குடித்த தண்ணீரோ முதலில் இரைப்பையின் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைச் சந்திக்கிறது. காரமாகும் ஒரே பொருள், விலையைப் பார்த்தவரின் முகம்.

கே: பி.எச். அளவை ஆறாம் வகுப்புக் குழந்தைக்கு எவ்வாறு விளக்குவது?
(காட்டாங்கொளத்தூர் வாசகி)

ப: 0 முதல் 14 வரை படிகள் கொண்ட ஏணி என்றும், நடுப்படியாகிய 7இல் தூய நீர் அமர்ந்திருக்கிறது என்றும், கீழே இறங்க இறங்க அமிலமும் மேலே ஏற ஏறக் காரமும் கூடுகின்றன என்றும் சொல்லலாம். ஒவ்வொரு படியும் பத்து மடங்கு என்பதைச் சொல்லாமல் விட்டால் பாடத்தின் உயிரே போய்விடும்: 5ஆம் படியை ஒட்டி நிற்கும் காபியைவிட, 2ஆம் படியை ஒட்டி நிற்கும் எலுமிச்சைச் சாறு மூன்று மடங்கு அன்று, ஏறக்குறைய ஆயிரம் மடங்கு அமிலத்தன்மை உடையது. ஆப்பச்சோடாக் கரைசல் 8ஐத் தாண்டியும், சுண்ணாம்புத் தெளிவு 12ஐத் தாண்டியும் நிற்கும். இவ்வேணியை 1909இல் வகுத்த சோரன்சன், கோபன்ஹேகனில் கார்ல்ஸ்பெர்க் பீர் ஆலையின் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றியவர் என்னும் செய்தியைப் பெற்றோர் கூட்டம் முடிந்தபிறகு சொல்லிக்கொள்ளலாம்.

கே: எலுமிச்சம்பழத்தை அறுத்து இரத்தம் வரவழைத்துச் செய்வினை எடுக்கிறார் ஒருவர். கண்ணால் கண்டதை எப்படி மறுப்பது?
(திருப்போரூர் வாசகர்)

ப: மறுக்கத் தேவையில்லை, திரும்பச் செய்து காட்டினால் போதும். கத்தியின் இருபுறமும் செம்பருத்தி இதழை அழுந்தத் தேய்த்துக் காயவிட்டுப் பழத்தை அறுத்தால், இதழின் நிறமி சாற்றின் அமிலத்தில் பளிச்செனச் சிவந்து சொட்டும். பகுத்தறிவு மேடைகளில் பலகாலமாகச் செய்து காட்டப்படும் எளிய வித்தை இது. பத்து வயதுப் பிள்ளை தெருமுனையில் இதைச் செய்து, அடுத்து அதே கத்தியைச் சோப்பு நீரில் நனைத்து நிறம் மாற்றியும் காட்டினால், செய்வினை எடுப்பவர் தொகையைக் குறைத்துக்கொள்ள முன்வருவார்.

கே: குழந்தைகளுக்கான அறிவியல் பெட்டி எது வாங்கலாம்?
(மறைமலைநகர் வாசகர்)

ப: அஞ்சறைப்பெட்டி. அரசுப் பள்ளிகளில் 6 முதல் 8 வரையிலான வகுப்புகளுக்கென 2022 நவம்பர் 28 அன்று திருச்சியில் தொடங்கப்பட்ட வானவில் மன்றத்தின் அடிப்படையும், 1987 முதல் தமிழ்நாடு அறிவியல் இயக்கம் நடத்திவரும் ‘துளிர்’ இதழ் பிள்ளைகளுக்குச் சொல்லிவருவதும், கையருகே உள்ள பொருளைக் கொண்டு தானே செய்து பார்ப்பதுதான். பளபளப்பான பெட்டிகளில் வரும் பொடிகளின் மேல் ‘பொருள் அ’, ‘பொருள் ஆ’ என்று எழுதியிருக்கும். பிரித்துப் பார்த்தால் பெரும்பாலும் ஆப்பச்சோடாவும் எலுமிச்சை உப்புமாக இருக்கும்.

கே: கடல்நீர் காரமா?
(கல்பாக்கம் வாசகர்)

ப: மெல்லிய காரம், 8ஐச் சற்றே தாண்டும். உப்போ நடுநிலை, காரணம் கடல்நீரில் கரைந்துள்ள வேறு பொருள்கள்.

கே: மாமல்லபுரத்தில் குழந்தைகள் பொறுக்கிய கிளிஞ்சல்களால் ஏதேனும் கற்பிக்க முடியுமா?
(திருக்கழுக்குன்றம் ஆசிரியர்)

ப: ஒரு பருவம் முழுவதும் கற்பிக்கலாம். கிளிஞ்சலை எலுமிச்சைச் சாற்றில் இட்டால், முதலில் ஓட்டின் விளிம்பில் ஊசிமுனை அளவில் குமிழ்கள் ஒட்டி நிற்பதும், பின் ஒவ்வொன்றாகக் கழன்று மேலேறுவதும் தெரியும். ஓட்டின் கால்சியம் கார்பனேட்டை அமிலம் கரைக்கும்போது வெளியேறும் கரியமில வாயு அது. முட்டை ஓடும் அவ்வாறே நுரைக்கும். கோலமாவு அரிசியா, சுண்ணாம்புக்கல் பொடியா என்று சந்தேகிக்கும் மாமியார்களும் ஒரு சொட்டு எலுமிச்சையால் வழக்கைத் தீர்த்துக்கொள்ளலாம். அரிசி மாவு அசையாது. ஆனால் வகுப்பறைச் சாக்பீஸ் நுரைக்காவிட்டால் ஆசிரியர் பதறக்கூடாது, இக்காலச் சாக்பீஸ் பெரும்பாலும் ஜிப்சத்தால் ஆனது.

அதே கிளிஞ்சலைக் காளவாயில் சுட்டால் கரியமில வாயு நீங்கிச் சுட்ட சுண்ணாம்பாகிறது. அதில் நீர் ஊற்றினால் கொதித்துச் சீறி நீற்றுச் சுண்ணாம்பாகிறது. கடற்கரையில் குழந்தையின் கையில் சாதுவாக இருந்த பொருள், வெற்றிலைப் பெட்டிக்கு வருவதற்குள் கடும் காரமாகிவிடுகிறது என்பதை இங்கேயே சொல்லிவைப்பது நல்லது.

கே: பாட்டியின் சுண்ணாம்புப் பொட்டலத்தை நான்கு வயதுப் பேரன் பிதுக்கியதில் கண்ணில் தெறித்துவிட்டது. அமிலம் காரத்தை அடக்கும் என்பதால் எலுமிச்சை நீர் விடலாம் என்று வீட்டில் ஒருவர் சொன்னார். சரியா?
(ஒரு தாய், சதுரங்கப்பட்டினம்)

ப: முற்றிலும் தவறு. காரத்தை அமிலம் அடக்கும்போது வெப்பம் பிறக்கும். ஏற்கெனவே புண்பட்ட கண்ணுக்கு எலுமிச்சை இரண்டாவது காயம். காரம் கண்ணில் பல அமிலங்களைவிடக் கொடியது. அது திசுவின் கொழுப்பைக் கரைத்துக்கொண்டு உள்ளே ஊடுருவிக்கொண்டே போகும். ஆகவே ஒரு நொடியும் தாமதிக்காமல், குழந்தையைப் படுக்கவைத்து இமைகளை விரித்துப் பிடித்து, சுத்தமான தண்ணீரைக் குறைந்தது அரைமணி நேரம் இடைவிடாமல் ஊற்ற வேண்டும். இமைக்கு அடியில் ஒட்டிய துணுக்குகளை ஈரத் துணியின் நுனியால் மெல்ல எடுக்க வேண்டும், தேய்க்கக் கூடாது, பால், எண்ணெய், எலுமிச்சை எதையும் விடக் கூடாது. கழுவிய பிறகு, குழந்தை அழுகையை நிறுத்தியிருந்தாலும், உடனே கண் மருத்துவரிடம் காட்ட வேண்டும். செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ, 1819இல் தொடங்கப்பட்ட எழும்பூர் அரசு கண் மருத்துவமனைக்கோ செல்லலாம். வீட்டில் கலக்கக் கூடாதவை வேறும் உண்டு: கழிவறை ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் ஒன்றாகக் கலந்தால் குளோரின் என்னும் நச்சுவாயு எழும் என்பதையும் வீட்டிலுள்ள அனைவரும் அறிந்திருக்க வேண்டும்.

பிதுக்கும் பொட்டலங்களில் விற்கப்படும் வெற்றிலைச் சுண்ணாம்பு, இந்தியக் குழந்தைகளின் கண்களில் இத்தகைய காயத்துக்கு அறியப்பட்ட காரணங்களுள் ஒன்று. இவ்விதழை மூடியதும், வீட்டில் உள்ள பொட்டலத்தை எடுத்து மூடியுள்ள டப்பாவுக்கு மாற்றி, குழந்தையின் கைக்கு எட்டாத மேல்தட்டில் வைத்துவிடுமாறு வாசகர்களை இப்பகுதி கேட்டுக்கொள்கிறது.