முடி முளைக்கும், பல்?

கேள்வி: திருப்பதியில் ஒரு பல் கிளினிக்கில் எனக்கு ஸ்கேலிங் செய்தவர் டாக்டர் இல்லையாம். அவர் வாயில் கைவைக்கலாமா?
- வாசகி, சித்தூர்

பதில்: வைக்கலாம். ஆனால் பதிவு இருக்க வேண்டும். திருமலைக் கல்யாணக்கட்டையில் கொடுத்த முடி மறுபடி முளைத்துவிடும். பெரியவர்களுக்குப் போன பல் முளைக்காது. அதனால்தான் இந்த வேலைக்குச் சட்டம். காறை எடுப்பது, சுத்தம் செய்வது, மெருகேற்றுவது, பல் பராமரிப்பைச் சொல்லித்தருவது எல்லாம் டென்டல் ஹைஜீனிஸ்டின் பணி என்று 1948-ம் ஆண்டின் பல் மருத்துவர்கள் சட்டமே சொன்னது. மாநிலப் பல் மருத்துவ கவுன்சிலில் இவர்களுக்கென்று தனிப் பதிவேடும் வைத்தது. இரண்டு வருடப் படிப்பு. பல் பிடுங்குவதும் ரூட் கெனாலும் இவர்கள் வேலை அல்ல.

உலகிலேயே முதல் லைசென்ஸ் 1917-ல் அமெரிக்காவின் கனெக்டிகட்டில் ஐரீன் நியூமன் என்ற பெண்மணிக்குக் கிடைத்தது. நம் ஊரிலோ ஆலங்குச்சி, வேப்பங்குச்சி தெரிந்த அளவுக்கு இவர்களைத் தெரியாது. பெரும்பாலும் பல் டாக்டரே ஸ்கேலிங்கும் செய்துவிடுகிறார். கிராமத்துப் பள்ளிகளுக்கு இவர்கள் போனால் எத்தனை குழந்தைகளின் பல் பிழைக்கும்!

அடுத்த முறை போகும்போது, வாயைத் திறந்ததும் முதலில் பதிவு எண்ணைக் கேளுங்கள், அம்மா. கேட்பது உங்கள் உரிமை.