கேள்வி–பதில்: அப்பா பெயரும் துபாய் விசாவும்

இந்த முறை தபாலிலும் வாட்ஸ்அப்பிலும் வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் விசாவைப் பற்றித்தான். நம் கம்பம் பள்ளத்தாக்குப் பன்னீர் திராட்சைக்கு நல்ல விலை கிடைத்திருக்கிறது போலிருக்கிறது. சந்தோஷம்.

மளிகைக் கடைக்காரர், கூடலூர்: ஆன்லைனில் டூரிஸ்ட் விசா வாங்க முக்கியமாக என்ன வேண்டும்? ஒரே வார்த்தையில் சொல்லவும்.

கண்ணாடி. பிழை பார்க்கத்தான். முன்பெல்லாம் தூதரகத்தில் ஒரு குமாஸ்தா உட்கார்ந்திருப்பார். பிழை இருந்தால் முறைத்துவிட்டு, ‘மாத்தி எழுதிட்டு வாங்க’ என்று தாளைத் திருப்பித் தருவார். இப்போது அந்தக் குமாஸ்தா வேலையும் உங்கள் தலையில். சம்பளம் கிடையாது, கட்டணத்தையும் நீங்களே கட்ட வேண்டும்.

ஏலத்தோட்டத்துக்கு ஜீப் ஓட்டுபவர், லோயர்கேம்ப்: நமக்கெல்லாம் இந்த ஆன்லைன் சமாச்சாரம் சரிப்பட்டு வருமாண்ணே?

2020 கொரோனாவில், எல்லை தாண்டி கேரளத்துக் குமுளிக்குப் போகவே இ-பாஸ் போட்ட ஆட்கள் நாம், மறந்துபோச்சா? காலையில் ஜீப்பில் மலையேறி, சாயங்காலம் இறங்கி வருகிற பாதை. அதற்கே இந்தப் பக்கம் ஒரு அனுமதி, அந்தப் பக்கம் ஒரு பதிவு, ஆதார் எண், போகிற காரணம், திரும்புகிற தேதி. இலங்கைக்கான ‘ஈடிஏ’ என்கிற மின்னணுப் பயண அனுமதி விண்ணப்பம் அதைவிடப் பெரியது என்று சொல்ல மாட்டேன்.

ஒற்றைப் பெயர்க்காரர், கருநாக்கமுத்தன்பட்டி: பாஸ்போர்ட்டில் என் பெயர் ஒரே வார்த்தைதான். சர்நேம் இடம் காலி. துபாய்க்கு விசா போட முடியாது என்கிறார் ஏஜென்ட். நிஜமா?

பாதி நிஜம். 2022 நவம்பர் 21-ம் தேதி முதல், பாஸ்போர்ட்டில் ஒற்றை வார்த்தைப் பெயரோடு சுற்றுலா விசாவில் வருகிறவர்களை அனுமதிக்க மாட்டோம் என்று ஐக்கிய அரபு அமீரகம் அறிவித்தது. விமான நிறுவனங்கள் சுற்றறிக்கை விட்டன. அங்கே குடியிருப்பு விசா வைத்திருப்பவர்களுக்கு விலக்கு. இந்தப் பக்கம் தமிழ்நாட்டில் பாதிப் பேர் வயிற்றில் புளியைக் கரைத்துவிட்டது. நமக்கு ஏது குடும்பப் பெயர்? சாதிப் பெயரைப் பெயரோடு சேர்க்காமல் விட்டது இந்த மண்ணில் பெருமை. அந்தப் பெருமையை வைத்துக்கொள்ள விசா படிவத்தில் கட்டம் இல்லை.

சில நாளிலேயே ஒரு விளக்கம் வந்தது: பாஸ்போர்ட்டின் மற்ற பக்கத்தில் அப்பா பெயரோ குடும்பப் பெயரோ இருந்தால் ஏற்கலாம் என்று. இந்திய பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில் அப்பா பெயர் இருக்கும். ஆகவே உங்கள் கதவு முழுசாக மூடவில்லை. ஆனாலும் டிக்கெட் போடுமுன் அந்த விமான நிறுவனத்திடமே எழுதிக் கேட்டுப் பதிலை வைத்துக்கொள்ளுங்கள். விமானத்தில் ஏற்றுவதா வேண்டாமா என்று முதலில் முடிவு செய்வது கவுன்ட்டரில் இருப்பவர்தான். அவரிடம் நீங்கள் சாதி ஒழிப்பு வரலாறு பேச முடியாது.

நிரந்தர வழி, பாஸ்போர்ட்டை மறுவெளியீடு செய்து சர்நேம் இடத்தில் அப்பா பெயரைச் சேர்ப்பது. பாஸ்போர்ட்டில் இனிஷியலுக்கு வேலை இல்லை, விரித்துத்தான் எழுத வேண்டும். பிள்ளைகளுக்கு முதல் பாஸ்போர்ட் எடுக்கிறவர்கள் இப்போதே இதைச் செய்துவிட்டால் பின்னால் அலைய வேண்டாம்.

அமெரிக்க விண்ணப்பத்தில் வேறு கூத்து. ஒற்றைப் பெயரை சர்நேம் கட்டத்தில் போட்டுவிட்டு, இயற்பெயர் கட்டத்தில் ‘எஃப்என்யூ’ என்று எழுதச் சொல்கிறார்கள். முதல் பெயர் தெரியவில்லை என்று அர்த்தம். பெற்ற தாய் கூப்பிட்ட பெயரைப் பாஸ்போர்ட்டில் அச்சடித்துக் கொடுத்தும் ‘தெரியவில்லை’! டிரைவிங் லைசென்ஸ் வரைக்கும் அந்த மூன்றெழுத்து ஒட்டிக்கொண்டவர்கள் அங்கே உண்டு. எந்த நாட்டுப் படிவம் என்ன சொல்கிறதோ, அதன்படி. சொந்தமாக எதையும் கண்டுபிடிக்காதீர்கள்.

கல்லூரி மாணவி, உத்தமபாளையம்: ‘கூடலூர்’ என்பதை ஆங்கிலத்தில் ‘ஜி’ போட்டு எழுதுவதா, ‘கே’ போட்டு எழுதுவதா?

உங்கள் பாஸ்போர்ட்டில் எப்படி இருக்கிறதோ அப்படி. நீலகிரியில் ஒரு கூடலூர், நம் பள்ளத்தாக்கில் ஒன்று, ஆங்கிலத்தில் எழுதினால் கடலூரும் வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொள்ளும். பட்டியலில் இருந்து ஊரைத் தேர்ந்தெடுக்கும் தளங்களில் விரல் வழுக்கினால் நீங்கள் வங்காள விரிகுடா ஓரத்தில் பிறந்தவர் ஆகிவிடுவீர்கள். இன்னொன்று: தேனி மாவட்டம் பிரிந்ததே 1996-ல்தான். அதற்கு முன்னால் பிறந்த உங்கள் அம்மா அப்பா பாஸ்போர்ட்டில் மதுரை மாவட்டம் என்று இருந்தால் திருத்த வேண்டாம். அப்படியே டைப் செய்யுங்கள்.

பிரவுசிங் சென்டர் வாடிக்கையாளர், காமயகவுண்டன்பட்டி: பாஸ்போர்ட் எண்ணில் இருப்பது சைபரா, ‘ஓ’ எழுத்தா?

சைபர். நம் பாஸ்போர்ட் எண்ணில் முதலில் ஓர் எழுத்து, பிறகு ஏழு எண்கள். அந்த ஏழுக்குள் எழுத்து வரவே வராது. தேதியையும் பாருங்கள்: சில தளங்கள் மாதத்தை முன்னால் கேட்கும். ஏப்ரல் 5 மே 4 ஆகிவிட்டால் அது வேறொருவர் விசா.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்கிறேன். விண்ணப்பத்தில் யார் மின்னஞ்சல், யார் செல்போன் எண் போட்டிருக்கிறது? ‘உங்களுக்கு மெயில் ஐடி இல்லையா? பரவால்ல, என்னோடதைப் போட்டுக்கிறேன்’ என்று பிரவுசிங் சென்டர் தம்பி நல்ல மனசோடுதான் சொல்வார். விசா அவருடைய இன்பாக்ஸில் வந்து உட்கார்ந்துகொள்ளும். கூடுதல் ஆவணம் கேட்டுக் கடிதம் வந்தாலும் அங்கேதான் வரும். அவர் அந்த வாரம் அக்கா கல்யாணத்துக்குப் போயிருப்பார். பத்து நிமிஷம் செலவழித்து உங்கள் பெயரில் ஒரு மின்னஞ்சல் தொடங்குங்கள். கடவுச்சொல்லை அவரிடம் சொல்லாமல்.

ஓய்வுபெற்ற ஆசிரியர், கம்பம்: எங்கள் தாத்தா காலத்தில் விசா இல்லாமலே கண்டிச் சீமைக்குப் போய் வந்தார்களாமே?

விசா இல்லை. ஆனால் விசாரணை இல்லாமல் இல்லை, ஐயா. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போன கூலிகளை மண்டபம் முகாமில் நிறுத்திவைத்து, நோய் இருக்கிறதா என்று பார்த்துத்தான் கப்பலேற்றினார்கள். 1900-களின் தொடக்கத்தில் ‘டின் டிக்கெட்’ என்று ஒன்று வந்தது. சின்னத் தகர வில்லை. அதில் எந்தத் தோட்டம் என்பதற்கு ஓர் அடையாளம், எந்த ஆள் என்பதற்கு ஒரு எண். அதைக் காட்டினால் வழிச்செலவு தோட்டத்தின் கணக்கில் ஏறும். கடைசியில் அது கூலியின் கடனாக வந்து சேரும். இன்றைய இ-விசாவில் பார்கோடு இருக்கிறதே, அதற்குப் பாட்டன் இந்தத் தகரம்.

இலங்கை சுதந்திரம் பெற்ற 1948-லேயே குடிவரவுச் சட்டம் போட்டது. அதன் பிறகுதான் பாஸ்போர்ட், விசா எல்லாம். 1964 புயலில் தனுஷ்கோடியோடு, ரயிலும் கப்பலுமாக இலங்கைக்குப் போன ‘போட் மெயில்’ பாதையும் போனது.

டிராவல்ஸ் ஆபீஸ் வாசலில் நிற்பவர், சின்னமனூர்: இலங்கைக்கு விசா தளம் என்று தேடினால் ஏழெட்டு வருகிறதே. எது அசல்?

முகவரியின் வாலைப் பாருங்கள். ‘ஈடிஏ டாட் ஜிஓவி டாட் எல்கே’ என்று முடிந்தால் அரசு. தேடல் பக்கத்தில் முதலில் நிற்பது பெரும்பாலும் விளம்பரம், அது அரசு முத்திரை மாதிரியே ஒன்றை ஒட்டிக்கொண்டு இரண்டு மடங்கு பணம் கேட்கும். தாய்லாந்து ‘டாட் கோ டாட் டிஎச்’, மலேசியா ‘டாட் ஜிஓவி டாட் எம்ஒய்’, சிங்கப்பூர் ‘டாட் ஜிஓவி டாட் எஸ்ஜி’. சிவப்புப் பேனாவால் எழுதி பீரோவில் ஒட்டிவையுங்கள்.

இலங்கைக்காரர்களுக்கே இதில் தலைவலி வந்தது. 2012-லிருந்து ஓடிக்கொண்டிருந்த ஈடிஏவை 2024 ஏப்ரலில் நிறுத்திவிட்டு, வெளி நிறுவனங்களிடம் இ-விசா வேலையைக் கொடுத்தார்கள். கட்டணம் ஏறியது, கொழும்பு விமான நிலையத்தில் சத்தம் கிளம்பியது, வழக்குப் போனது. ஆகஸ்ட்டில் உச்ச நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது, பழைய முறை திரும்பி வந்தது. கட்டணம், சலுகை எல்லாம் அடிக்கடி மாறும் என்பதால் நான் தொகை எழுதவில்லை. கிளம்பும் வாரத்தில் அந்தத் தளத்திலேயே பாருங்கள்.

புதுமாப்பிள்ளை, கூடலூர்: தாய்லாந்துக்கு விசாவே வேண்டாமாமே? மலேசியாவுக்கும்? அப்புறம் ஏன் ஃபார்ம் நிரப்பச் சொல்கிறார்கள்?

விசா வேறு, வருகைப் பதிவு வேறு. இந்தியர்களுக்கு தாய்லாந்து 2023 நவம்பரிலும், மலேசியா டிசம்பரிலும் விசாவைத் தள்ளுபடி செய்தன. தள்ளுபடிக்கு எப்போதும் ஒரு கடைசித் தேதி உண்டு, பார்த்துக்கொள்ளுங்கள். ஆனால் இரண்டு நாட்டுக்கும், போய்ச் சேருவதற்கு முந்தைய 3 நாளுக்குள் டிஜிட்டல் வருகை அட்டை நிரப்ப வேண்டும். தாய்லாந்தில் இது 2025 மே 1 முதல் கட்டாயம். இலவசம். பணம் கேட்கிற தளம் என்றால் உடனே மூடிவிடுங்கள். சிங்கப்பூருக்கு இரண்டும் உண்டு: விசாவும் வேண்டும், வருகை அட்டையும் வேண்டும். அந்த விசாவை நாமே நேராகப் போட முடியாது. அங்கீகரிக்கப்பட்ட ஏஜென்ட் வழியாகவோ, சிங்கப்பூரில் உங்களுக்காகப் போட்டுத்தர ஆள் இருந்தால் அவர் வழியாகவோதான்.

தேன்நிலவுக்கு வாழ்த்துகள். ஃபார்மை இரண்டு பேருக்கும் தனித்தனியாக நிரப்பவும்.

திராட்சை விவசாயி, சுருளிப்பட்டி: வருஷா வருஷம் தை மாசம், பெரியாறு அணை கட்டிய பென்னிகுயிக் ஐயாவுக்குப் பொங்கல் வைக்கிறோம். ஒரு தடவை அவர் கல்லறைக்குப் போய் மாலை போட ஆசை. லண்டன் விசா ஆன்லைனில் கிடைக்குமா?

லோயர்கேம்பில் உள்ள அவர் மணிமண்டபத்துக்கு விசா இல்லாமல் போய்வரலாம், 2013 ஜனவரி 15-லிருந்து அங்கேதான் இருக்கிறது. ஆனால் உங்கள் ஆசை நியாயமானது. அவர் 1911-ல் காலமானது கேம்பர்லியில், கல்லறை பக்கத்து ஃப்ரிம்லி ஊரில், புனித பீட்டர் ஆலயத்தில். 2022 செப்டம்பரில் தமிழ்நாடு அரசு கேம்பர்லியில் சிலையும் வைத்தது. இரண்டும் சர்ரே மாவட்டத்தில், லண்டனிலிருந்து ரயிலில் போய்வரக்கூடிய தூரம்.

விண்ணப்பம் ஆன்லைனில், ‘கவ் டாட் யூகே’ தளத்தில். பணமும் அங்கேயே. 2025 ஏப்ரலில் 127 பவுண்டு ஆக்கினார்கள். பயணத்துக்கு 3 மாதம் முன்பிருந்து போடலாம், சாதாரணமாக 3 வாரத்தில் முடிவு வரும். ஆனால் கைரேகை ஆன்லைனில் போகாது. அதற்கு நேரில் ஆஜராக வேண்டும். சென்னைதான் போக வேண்டும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கொச்சியிலும் மையம் இருக்கிறது. குமுளி ஏறி இறங்குகிற நமக்கு அதுதான் பக்கம்.

இனி கஷ்டமான இடம். உங்களிடம் சம்பளச் சீட்டு இல்லை, விவசாய வருமானத்துக்கு வரி இல்லாததால் வருமான வரிக் கணக்கும் அநேகமாக இருக்காது. பட்டா, சிட்டா, அடங்கல் உண்டு. எல்லாம் தமிழில். அந்த அதிகாரிக்கு சர்வே எண்ணைத் தவிர ஒன்றும் புரியாது. மொழிபெயர்ப்பாளர் சான்றளித்து, கையெழுத்தும் தேதியும் போட்ட ஆங்கிலப் படி வேண்டும். அடுத்தது வங்கிக் கணக்கு. அறுப்பு முடிந்த வாரத்தில் மொத்தமாகப் பணம் ஏறும், அடுத்த அறுப்பு வரை உரமும் மருந்துமாக இறங்கும். நமக்கு அது வெள்ளாமை, வெளியே இருந்து பார்க்கிறவருக்குச் சந்தேகம். வியாபாரி கொடுத்த சீட்டுகளை எடுத்து, எந்த லோடுக்கு எந்தத் தேதியில் எவ்வளவு வந்தது என்று கணக்கில் உள்ள வரவோடு பொருத்தி ஒரு பக்கம் எழுதி வையுங்கள். விண்ணப்பத்துக்கு முதல் நாள் மச்சினன் கணக்கிலிருந்து ஐந்து லட்சம் வாங்கிப் போட்டு ‘பேலன்ஸ்’ காட்டுவது வேண்டவே வேண்டாம். விசா மறுப்புக்கு அதைவிட நேர்வழி கிடையாது.

ஏன் போகிறீர்கள் என்ற கேள்விக்கு ‘சுற்றுலா’ என்று மட்டும் எழுதாதீர்கள். 1895-ல் திறந்த முல்லைப் பெரியாறு அணைத் தண்ணீரில் என் தோட்டம் விளைகிறது, அதைக் கட்டியவர் கல்லறைக்குப் போகிறேன், இத்தனாம் தேதி அறுப்புக்குத் திரும்பியாக வேண்டும் என்று உள்ளதை எழுதுங்கள். அவர்களுக்குத் தெரிய வேண்டியது நீங்கள் திரும்பி வருவீர்களா என்பதுதான். காய்த்து நிற்கிற பந்தலை விட்டுவிட்டு எந்த விவசாயி லண்டனில் தங்குவான்?

பெயர் வேண்டாம், குள்ளப்பகவுண்டன்பட்டி: டூரிஸ்ட் விசாவில் போய் அங்கே வேலையில் சேர்ந்துகொள்ளலாம் என்கிறார் ஏஜென்ட். கம்ப்யூட்டர் வேலை, தாய்லாந்து, நல்ல சம்பளம்.

போகாதீர்கள். இதில் ஜோக் இல்லை. 2022-ல் இதே வார்த்தையைக் கேட்டுப் போன இளைஞர்கள், தமிழ்நாட்டுப் பிள்ளைகளும் சேர்த்து, தாய்லாந்து எல்லை தாண்டி மியான்மரின் மியாவாடியில் அடைக்கப்பட்டு, ஆன்லைன் மோசடி செய்யச் சொல்லி அடிக்கப்பட்டார்கள். அரசுகள் தலையிட்டுத்தான் மீட்டன. சுற்றுலா விசாவில் வேலை பார்த்தால் அந்த நாட்டுச் சட்டப்படி குற்றவாளி நீங்கள், ஏஜென்ட் அல்ல. அவர் உரிமம் பெற்றவரா என்று வெளியுறவு அமைச்சகத்தின் ‘இ-மைக்ரேட்’ தளத்தில் பாருங்கள். பத்தாவது தேறாதவர் பாஸ்போர்ட்டில் ‘ஈசிஆர்’ என்று இருக்கும். 18 நாடுகளுக்கு அவர் வேலைக்குப் போக அரசின் அனுமதி வேண்டும். சுற்றுலாவுக்கு அது வேண்டாம். அந்த ஓட்டையில்தான் இந்த ஏஜென்ட்கள் ஆளை நுழைக்கிறார்கள்.

சம்பந்தி வீட்டார், கூடலூர்: யாழ்ப்பாணத்திலிருந்து சம்பந்தி வருகிறார். அவருக்கு நாம் என்ன செய்ய வேண்டும்?

நல்ல மீன் வாங்கி வையுங்கள். விசாவை அவரே போட்டுக்கொள்வார்: இலங்கையருக்கு இந்திய இ-விசா 2015 ஏப்ரலிலிருந்து உண்டு, குறைந்தது 4 நாள் முன்னதாக விண்ணப்பிக்க வேண்டும். மதுரை விமான நிலையத்திலும் இறங்கலாம். வீட்டில் தங்கினால் அவர் வருகையை 24 மணி நேரத்துக்குள் ஆன்லைனில் நீங்கள் பதிய வேண்டும். லாட்ஜுக்கு மட்டும்தான் என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

அவசரக்காரர், கம்பம்: விசா கையில் இருந்தால் கட்டாயம் உள்ளே விடுவார்களா?

இல்லை. கடைசி வார்த்தை அந்த ஊர்க் குடிவரவு அதிகாரியுடையது. திரும்பும் டிக்கெட், தங்கும் இடம், கையில் பணம், பாஸ்போர்ட்டில் இன்னும் 6 மாதத்துக்குக் குறையாமல் ஆயுள், இவ்வளவும் இருந்தால் அவருக்கும் வேலை சுலபம்.

அதே அவசரக்காரர்: விசா மெயிலில் வந்துவிட்டது. போனில் காட்டினால் போதாதா? பிரிண்ட் எதற்கு?

விமானம் இறங்கும்போது உங்கள் போனில் 3 சதவீதம் சார்ஜ் இருக்கும், சிம் வேலை செய்யாது. இரண்டு பிரிண்ட் எடுத்து ஒன்றைக் கைப்பையிலும் ஒன்றைப் பெட்டியிலும் வையுங்கள். எடுத்ததும் பெயரையும் பாஸ்போர்ட் எண்ணையும் எழுத்து எழுத்தாக ஒத்துப் பாருங்கள். தவறு இருந்தால் இன்றைக்கே எழுதிக் கேளுங்கள், செக்-இன் கவுன்ட்டரில் அல்ல.