நூல் அறுந்தால் யாரைப் பிடிப்பது?

கல்யாணத்துக்கு முந்தின இரவு, பிளவுஸில் ஒரு கை வைத்து மறு கை பாக்கி இருக்கும்போதுதான் வீட்டுத் தையல் மிஷினில் நூல் சிக்கும். பழைய பாவாடைக்கு ஓரம் அடிக்கிற நாளில் அதற்கு ஒரு குறையும் வராது.

பதற வேண்டாம். முதல் வேலை விசாரணை. மிஷினைக் கடைசியாகத் தொட்டது யார்? வீட்டில் சின்னப் பையன் இருந்தால் வழக்கு சீக்கிரம் முடியும்: சக்கரத்தை எதிர்ப்பக்கம் சுற்றி விளையாடியிருப்பான். இது வெறும் பழியும் இல்லை. சக்கரம் பின்னோக்கி ஓடினால் நூல் சிக்கி அறுந்துதான் போகும். கால் மிஷினில் பெடலைத் தப்பாக மிதித்தாலும் அதே கதி. பையன் இல்லாத வீட்டில் நாத்தனாரை வைத்துச் சமாளிக்கலாம்.

அடுத்தது டென்ஷன் திருகு. நம் வீடுகளில் மிஷினுக்கு எந்த நோய் வந்தாலும் முதல் மருந்து இதுதான். நூல் அறுந்தால் வலப்பக்கம் திருகுங்கள். மறுபடி அறுந்தால் இடப்பக்கம். எங்கே ஆரம்பித்தோம் என்பது மறக்கும்வரை விடாதீர்கள். (வலம் இறுக்கும், இடம் தளர்த்தும். அறுகிற நூலை இன்னும் இறுக்கினால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.) பிறகு பாபின் கேஸில் இருக்கிற குட்டித் திருகு. அதைக் கால் சுற்றுக்கு மேல் திருப்பக்கூடாது என்பார்கள். நீங்கள் முழுசாகவே கழற்றிவிடுங்கள். கடுகத்தனை திருகு, வெடிப்பு விட்ட சிமெண்டுத் தரை. அது கைக்குக் கிடைப்பதற்குள் கல்யாணப் பெண்ணுக்கு வளைகாப்பு வந்துவிடும்.

திருகாமலே சரிசெய்கிற வழியும் உண்டு. சுவாரசியம் குறைவு, அவ்வளவுதான்.

நம் மிஷின் போடுவது எலியாஸ் ஹோவ் 1846இல் அமெரிக்காவில் காப்புரிமை வாங்கிய இரட்டை நூல் தையல். (அதே தையலை வைத்து மிஷின் விற்ற சிங்கர் மேல் அவர் வழக்குப் போட்டு ஜெயித்தார். நூல் தகராறு அப்போதே கோர்ட் ஏறியது.) மேலே ஒரு நூல், கீழே ஒரு நூல், இரண்டும் துணியின் நடுவில் பின்னிக்கொள்ள வேண்டும். சம்பந்தி வீடுகள் மாதிரிதான். ஒரு பக்கம் இழுப்பு அதிகமானால் மறு பக்கத்தின் மானம் இங்கே வந்து வெளியே தெரியும். மேல்பக்கத்தில் பாபின் நூல் புள்ளி புள்ளியாக எட்டிப் பார்க்கிறதா? மேல் நூல் ரொம்ப இறுக்கம், இல்லாவிட்டால் பாபின் தளர்ச்சி. துணிக்கு அடியில் நூல் பந்து பந்தாகச் சுருள்கிறதா? எல்லோரும் பாபினைத்தான் திட்டுவார்கள். அனேகமாகக் குற்றவாளி மேல் நூல்.

காரணம் அற்பமானது. துணியை அழுத்திப் பிடிக்கிற பாதத்தைத் தூக்காமல் நூல் கோத்திருப்பீர்கள். பாதம் இறங்கியிருந்தால் டென்ஷன் தட்டுகள் இரண்டும் மூடிக்கொள்ளும். நூல் இடையில் இறங்காமல் மேலோடு நழுவும். பிடிமானம் இல்லாத நூல் கீழே போய்க் குவியும். ஆகவே பாதத்தைத் தூக்கி, நூலை முழுதும் உருவி, கண்டிலிருந்து ஊசிவரை மறுபடி கோக்கவும். மேலும் கீழும் ஆடுகிற கம்பியின் துளையை விட்டுவிடக்கூடாது. விட்டால் அதற்கும் இதே பலன்தான். "நான் சரியாத்தானே கோத்தேன்" என்று முணுமுணுத்துக்கொண்டே செய்யலாம், மிஷினுக்குக் காது கிடையாது. தைக்கத் தொடங்கும்போது இரண்டு நூல் முனையையும் பின்பக்கம் பிடித்துக்கொள்ளுங்கள்.

ஊசியை மாற்றச் சொன்னால் சிலருக்கு மனசு வராது. அம்மா சீராகக் கொடுத்த மிஷின், அதோடு வந்த ஊசி. ஆனால் வளைந்த ஊசியும் மழுங்கிய ஊசியும் தையலை விட்டு விட்டுத்தான் போடும், நூலையும் அறுக்கும். சாதாரணப் பருத்திக்கு 14ஆம் நம்பர், மெல்லிய பட்டுக்கு 11, ஜீன்ஸுக்கு 16 அல்லது 18. ஊசியின் மேல்தண்டு ஒரு பக்கம் தட்டையாக இருக்கும். அதற்கு எதிர்ப்பக்கம் நீளமாக ஒரு பள்ளம் ஓடும். பள்ளம் இருக்கிற பக்கத்திலிருந்துதான் நூல் காதுக்குள் போக வேண்டும். ஊசியைத் திருப்பி மாட்டினால் தையலே விழாது. அப்போதும் கை டென்ஷன் திருகுக்குத்தான் போகும், கையைக் கட்டிக்கொள்ளவும்.

பாபின் கேஸை அதன் நூலிலேயே தொங்கவிட்டுப் பாருங்கள். அப்படியே நின்று, லேசாகச் சுண்டினால் கொஞ்சம் இறங்க வேண்டும். விடுவிடுவென்று தரைக்குப் போனால் தளர்ச்சி, சுண்டியும் அசையாவிட்டால் இறுக்கம். டப்பாவின் அடியில் நிறம் பொருந்திக் கிடைத்த பழைய நூல்கண்டை இரண்டு கையாலும் வெடுக்கென்று இழுங்கள். பட்டென்று அறுந்தால் அதை வைத்துப் பூ கட்டலாம், பிளவுஸ் தைக்க முடியாது. துணியை நகர்த்துகிற பல்லுக்கு அடியில் சேர்ந்த பஞ்சைப் பழைய பிரஷ்ஷால் எடுத்துவிட்டு ஒரு சொட்டு மிஷின் எண்ணெய். தேங்காய் எண்ணெய் வேண்டாம், நாளானால் பிசினாகிவிடும். எண்ணெய் விட்டதும் நேராகப் பட்டில் கை வைக்காமல் கிழிசல் துணியில் நாலு வரி ஓட்டிப் பாருங்கள்.

மிஷின் ஓடத் தொடங்கியதும் ஜன்னலைச் சாத்துங்கள். இல்லையென்றால் எதிர்வீட்டு அக்கா ஃபால்ஸ் வைக்க மூன்று சேலையோடு வந்து நிற்பார். மிஷின் ரிப்பேர் என்று சொல்லிவிடலாம். சொல்லும்போது பெடலில் கால் இருக்கக்கூடாது.